ஆயத்தமும் சித்தமும்: வாவிக்கரையின் இரு சொற்கள்

மட்டக்களப்பில் புரட்டஸ்தாந்து வீட்டுத் திருமண அழைப்பிதழ் ஒன்றைப் பிரித்தால், திகதிக்கும் நேரத்துக்கும் அருகில் ஒரு சிறு தொடர் பெரும்பாலும் இருக்கும்: தேவனுக்குச் சித்தமானால். புளியந்தீவிலிருந்து கல்முனைக்குப் புறப்படுகிறவரும் வாசலில் நின்று அதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். காத்தான்குடிக்காரர் அதே இடத்தில் இன்ஷா அல்லாஹ் என்பார். படுவான்கரையில் வயல் விதைத்தவர் கடவுள் விட்ட வழி என்பார். மூன்று சமயத்தாரும் நாளையைப் பற்றிப் பேசும்போது ஓர் அடி பின்வாங்கி நின்று பேசுகிற பிரதேசம் இது. சூறாவளியும் போரும் கடலும் நாளைகளைப் பலமுறை பறித்துக்கொண்டு போன இடத்தில் அந்தப் பணிவு இயல்பானதே.

செத்தவீட்டிலும் அதே சொல் வருகிறது. அங்கே அது திசை மாறி வருகிறது. அழைப்பிதழில் தன் நாளையைக் குறித்து ஒருவர் பணிவோடு சொன்ன சொல், செத்தவீட்டில் இன்னொருவரின் நேற்றைக் குறித்துத் தீர்ப்பாகச் சொல்லப்படுகிறது. "தேவசித்தம், அழாதேங்கோ" என்று கையைப் பிடித்துச் சொல்கிறார்கள். சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் கேட்பவளின் முகத்தை அந்த நேரத்தில் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. இந்த இரண்டு பயன்பாடுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை மட்டக்களப்பின் இருநூறு ஆண்டுக் கிறிஸ்தவ வாழ்வை வைத்து அளந்து பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்தம் என்றால் மனம், உள்ளம். வடமொழியிலிருந்து வந்து சைவ வழக்கில் நெடுங்காலம் புழங்கிய சொல்லைத்தான் வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் கடவுளின் விருப்பத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர் இன்று திருவுளம் என்று சொல்வதே அதிகம். அதுவும் சைவரும் வைணவரும் கையாண்ட சொல்தான். கோயிலில் சீட்டெழுதிப் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்லும் வழக்கத்துக்குத் திருவுளச்சீட்டு என்று பெயர். ஆயத்தம் என்ற சொல்லின் கதை வேறு. இலங்கைத் தமிழில் அது இன்னும் வீட்டுச் சொல். கலியாணத்துக்கு ஆயத்தம், பரீட்சைக்கு ஆயத்தம், தோணியை ஆயத்தப்படுத்துதல் என்று நாள்தோறும் வாயில் புரள்கிறது. ஆலயத்தில் போதகர் "ஆயத்தமாயிருங்கள்" என்று சொல்லும்போது வாவிக்கரை மனிதனுக்கு முதலில் நினைவு வருவது உள்ளத்து நிலையாக இருக்காது. வலை, துடுப்பு, கயிறு என்று கைக்கு எட்டும் பொருள்கள்தான் நினைவுக்கு வரும். இது இறையியலுக்குக் குறைவு என்று சிலர் எண்ணலாம். எனக்கு அது பெரும் நிறைவாகவே படுகிறது.

மட்டக்களப்பில் மெதடிஸ்த சபையின் கதை, கடவுளின் சித்தம் தனக்குத் தெரியும் என்று உறுதியாக நம்பிய ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. அவர் தோமஸ் கோக். ஜோன் வெஸ்லியின் நெருங்கிய துணைவர். சபையின் வெளிநாட்டு ஊழியத்துக்காக அத்திலாந்திக் கடலைப் பலமுறை கடந்தவர். முதுமையில் அவருக்கு ஒரே எண்ணம்: இலங்கைக்குப் போக வேண்டும். கடவுளே தன்னைப் போகச் சொன்னார் என்றார். சபை செலவுக்குத் தயங்கியபோது தன் சொந்தப் பணத்தைத் தருவதாக முன்வந்தார். 1813 டிசம்பர் இறுதியில் இளம் ஊழியர்களுடன் இரண்டு கப்பல்களில் புறப்பட்டார். 1814 மே 3ஆம் திகதி காலை, இந்துசமுத்திரத்தின் நடுவே, கப்பல் அறையில் அவர் இறந்துகிடக்கக் கண்டார்கள். வயது 66. உடலைக் கடலில் இறக்கினார்கள். இலங்கையின் கரையை அவர் கண்ணால் காணவில்லை.

அந்த இளைஞர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். தலைவர் போய்விட்டார். பணம் எடுப்பதற்கான கடிதங்கள் எல்லாம் அவர் பெயரில். பம்பாயில் ஓர் ஆங்கிலேய வர்த்தகர் நம்பிக்கையின் பேரில் முன்பணம் கொடுத்ததால்தான் பயணம் தொடர்ந்தது. அவர்களுள் ஒருவர் வில்லியம் ஓல்ட். அவருக்குத் துயரம் இரட்டிப்பு. மற்றக் கப்பலில் அவருடன் வந்த மனைவி அந்த ஆண்டு பெப்ரவரியிலேயே கடலில் இறந்துவிட்டார். 1814 ஜூன் 29 அன்று காலியில் இறங்கியவர்கள் தங்களுக்குள் ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு இருவர்; காலியிலும் மாத்தறையிலும் ஒவ்வொருவர்; மட்டக்களப்புக்கு ஓல்ட், தனியாக. அவர் வந்திறங்கிய இடம் புளியந்தீவின் வாவியோரம். இன்று மட்டக்களப்பு வாசல் என்று சொல்லப்படும் அந்தப் பழைய வளைவு அவர் வருகையை நினைவுபடுத்திக்கொண்டு நிற்கிறது.

ஓல்ட் மட்டக்களப்பில் வாழ்ந்தது ஏறத்தாழ எட்டு மாதம். தமிழ் கற்றார், பள்ளிகள் தொடங்கினார், நோயில் விழுந்தார். 1815 ஏப்ரல் 1 அன்று இறந்தார். அவர் தொடங்கிவைத்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. நாட்டின் மிகப் பழைய பாடசாலைகளில் ஒன்றாக அது 1814ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டாடுகிறது.

இக்கதையைச் சபை வரலாறுகள் வழக்கமாகச் சொல்லும் முறை ஒன்றுண்டு. கோக்கின் மரணமும் ஓல்டின் மரணமும் விதை மண்ணில் விழுந்ததாகவும், கல்லூரியும் சபையும் அதன் அறுவடையாகவும் சொல்லப்படும். அதில் உண்மை இருக்கிறது. ஆயினும் அப்படிச் சொல்லும்போது ஒன்று தப்பிவிடுகிறது. கடவுளின் சித்தம் இன்னதென்று மிக உறுதியாய்ச் சொன்ன கோக்குக்கு அந்தச் சித்தம் எப்படி நிறைவேறும் என்பது தெரிந்திருக்கவில்லை. இலங்கைக்குப் போ என்ற குரலை அவர் கேட்டார். போய்ச் சேரமாட்டாய் என்ற குரலை அவர் கேட்கவில்லை. அந்த முன்னைய குரல் பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. சித்தத்தை அறிந்ததாக நம்புகிற மனிதனுக்கு அதன் ஒரு துண்டுதான் கிடைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாய்க் காட்டும் நிகழ்ச்சி நம் சபை வரலாற்றில் வேறில்லை என்பது என் கருத்து. மனைவியைக் கடலில் விட்டுவிட்டு வந்து அந்நிய மண்ணில் தமிழ் அரிச்சுவடி எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்த ஓல்ட்தான் எனக்கு ஆயத்தத்தின் முதல் மட்டக்களப்பு உருவம். அவர் தன் துயரத்துக்கு என்ன விளக்கம் வைத்திருந்தார் என்பதைவிட, அடுத்த நாள் காலை என்ன செய்தார் என்பது நமக்கு நன்றாகத் தெரிகிறது.

மெதடிஸ்தர் ஆண்டுத் தொடக்கத்தில் நடத்தும் உடன்படிக்கை ஆராதனை அந்த மனநிலையின் வழிபாட்டு வடிவம். வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்தது. அதில் சபையார் எல்லோரும் எழுந்து, வேலையில் வைத்தாலும் ஒதுக்கிவைத்தாலும், நிறைவிலும் வெறுமையிலும், இனிமேல் என்னை உமக்குக் கையளிக்கிறேன் என்ற பொருளில் வாக்குக் கொடுக்கிறார்கள். கத்தோலிக்கரிடம் இதற்கு நிகரானது இயேசு சபையினர் கொண்டுவந்த இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள். உடல்நலமோ நோயோ, நீண்ட வாழ்வோ குறுகிய வாழ்வோ, எதன்மீதும் முன்கூட்டிய பற்று வைக்காமல் கடவுளுக்காகத் திறந்திருக்கும் உள்ளத்தை உருவாக்குவது அப்பயிற்சிகளின் அடிப்படை. 1895 முதல் பிரெஞ்சு இயேசு சபையினரும், பின்னர் அமெரிக்காவின் லூசியானாப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் கிழக்கு மாகாணத்தில் இந்த மரபை வளர்த்தார்கள். புனித மிக்கேல் கல்லூரியில் படித்த பல தலைமுறைக்கு அது தெரியாமலே ஊறியிருக்கிறது.

மெதடிஸ்த வாக்குறுதி, இயேசு சபைப் பயிற்சி இரண்டிலும் ஓர் இலக்கண ஒற்றுமை இருப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டுமே தன்மை ஒருமையில் பேசுகின்றன. நான், என்னை, என் வாழ்வை. கெத்செமனேத் தோட்டத்தில் இயேசு செய்த மன்றாட்டும் அப்படித்தான். அதிலும் முதலில் வருவது, இந்தக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும் என்ற வேண்டுதல். சித்தத்துக்கு ஒப்புக்கொடுப்பது அதற்குப் பிறகுதான். இன்னொருவனுக்காக அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

1980களிலும் 90களிலும் இந்த வாக்குறுதிகள் காகிதத்திலிருந்து எழுந்து வீதிக்கு வந்தன. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்தவர் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வரும் தாய்மாரின் முறைப்பாட்டை எழுதி, முகாம் முகாமாகப் போய்க் கேட்பது அந்தக் குழுவின் வேலை. 1988 ஜூன் 6 அன்று புளியந்தீவு புனித மரியாள் ஆலய வளவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

1990 ஆகஸ்ட் மாதம் இந்தக் கரையின் மிக இருண்ட மாதங்களில் ஒன்று. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கொன்றனர். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் மேலும் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். பழிவாங்கல்களில் தமிழர்கள் கொல்லப்பட்டனர். அந்த நாள்களில் ஏறாவூரைத் தாண்டிப் போவது என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அருட்தந்தை யூஜீன் ஹேபேர், லூசியானாவில் பிறந்தவர், 1948இல் இலங்கைக்கு வந்தவர், பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிப் பேர் வாங்கியவர், வாழைச்சேனையில் வன்முறைக்குள் சிக்கியிருந்தவர்களுக்கு உதவப் போயிருந்தார். ஆகஸ்ட் 15, மரியாளின் விண்ணேற்புத் திருநாளன்று, ஒரு தமிழ் இளைஞரோடு மட்டக்களப்புக்குத் திரும்பப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. அவர்களுடைய உடல்களும் கிடைக்கவில்லை.

ஹேபேருடன் அதே 1948இல் வந்த அருட்தந்தை ஹரி மில்லர் நீண்டகாலம் வாழ்ந்தார். காணாமற்போனோரின் பெயர்களை ஊர் ஊராகக் குறித்துவைத்தார். தன் நண்பனின் பெயரும் அந்தப் பெயர்களில் ஒன்றாயிற்று. இயேசு சபைக் குருக்கள் இருவர், ஒரே பயிற்சி, ஒரே வாக்கு. ஒருவர் நடுவழியில் மறைந்தார், மற்றவர் தொண்ணூறு வயது தாண்டியும் அதே ஊரில் இருந்தார். குறுகிய வாழ்வோ நீண்ட வாழ்வோ என்ற அந்தப் பழைய வரி இவ்விருவரின் வாழ்வில் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியிருக்கிறது. மில்லர் இறைவனின் திருவுளத்தை நம்பியவர்தான். அந்த நம்பிக்கை அவரைப் பேரேடு வைக்கவிடாமல் தடுக்கவில்லை. எல்லாம் அவன் செயல் என்று கொப்பியை மூடிவைத்திருந்தால் கொலைகாரர்களுக்கு அதைவிட வசதியான ஆன்மீகம் வேறு இருந்திருக்காது.

2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், அதே புனித மரியாள் பேராலயத்துக்குள், நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். ஆயிரக்கணக்கான கண்களுக்கு நடுவே நடந்த கொலை அது.

இதற்கு முந்திய ஆண்டு, நத்தாருக்கு மறுநாள், கடல் வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாவலடி என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டுகிடக்கும் ஒரு மணல் நாக்கு. கிழக்கே கடல், மேற்கே வாவி, தப்பி ஓட மேட்டுநிலம் இல்லை. டச்பார், திருச்செந்தூர், கல்லடிக் கரையோரம் எல்லாம் அழிந்ததுபோல் நாவலடியும் அழிந்தது. அங்கே தயாளன் சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவ ஊழியர் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திவந்தார். அலை வருவதைக் கண்டதும் 28 பிள்ளைகளையும் இயந்திரப் படகில் ஏற்றி வாவிக்குள் செலுத்தினார். வழக்கமாய் அடம்பிடிக்கும் இயந்திரம் ஒரே இழுப்பில் உயிர்பெற்றது. படகை முட்ட வந்த அலையை நோக்கி இயேசுவின் நாமத்தில் நில் என்று கட்டளையிட்டதாகவும், அலை ஒரு கணம் தயங்கியதாகவும் அவர் சாட்சி சொன்னார். பிள்ளைகள் அனைவரும் பிழைத்தார்கள். உலகப் பத்திரிகைகள் இதை எழுதின.

அவருடைய சாட்சியை நான் மறுக்கப்போவதில்லை. அந்தப் படகுக்குள் இருந்தவர் அவர். அங்கே என்ன நடந்தது என்று சொல்ல அவருக்குத்தான் தகுதி. எனக்குச் சங்கடம் அந்தச் சாட்சி பிரசங்கமாக மாறும் இடத்தில். விசுவாசம் இருந்ததால் அலை நின்றது என்று ஒரு மேடையில் சொன்னால், நூறு யார் தள்ளி நின்ற வீட்டுக்காரனுக்கு என்ன இல்லாமல் போனது என்ற கேள்வி சொல்லாமலே எழுந்துவிடுகிறது. டச்பார்க் கரையில் பறங்கியர் குடும்பங்கள் பல அழிந்தன. அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். முதல்நாள் நத்தார் பூசைக்குப் போய்வந்தவர்கள். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்ததை இயேசு எடுத்துச் சொன்னபோது, இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று அவரே கேட்டு, அவரே இல்லை என்றார். பதினெட்டுப் பேருக்கும் அவர் காரணம் கற்பிக்கவில்லை. கிறிஸ்தவப் பிரசங்கிகள் இதைவிட அதிகம் தெரிந்தவர்கள்போல் பேசுவது எனக்குப் பயமாக இருக்கிறது.

நாவலடிக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஒரு பொருள் இருக்கிறது: படகு. கரையில் படகு கட்டியிருந்தது, அதில் இயந்திரம் இருந்தது, செலுத்தத் தெரிந்த கை இருந்தது. சுமாத்திரா அருகே நிலம் நடுங்கியது இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன். அலை கிழக்குக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்குக் கிட்ட ஆனது. அந்த நேரத்துக்குள் ஒரு சைரன், ஒரு வானொலி அறிவிப்பு வந்திருந்தால் நாவலடிக்காரர் கல்லடிப் பாலத்தைத் தாண்டியிருக்கலாம். பசிபிக்கில் பல பத்தாண்டுகளாக இருந்த எச்சரிக்கை ஏற்பாடு இந்துசமுத்திரத்தில் இருக்கவில்லை. அது முழுமையாய் இயங்கத் தொடங்கியது 2011இல். நாடு முழுவதும் 30,000க்கும் அதிகமானோர் போன பிறகு வந்த ஆயத்தம் அது.

பத்துக் கன்னிகைகள் உவமையை நம் ஆலயங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். விழித்திருங்கள் என்பதே அதன் பாடம் என்று கேட்டுக் கேட்டு, கதையில் பத்துப் பேருமே தூங்கிப்போனார்கள் என்பதை மறந்துவிட்டோம். புத்தியுள்ள ஐவரும் தூங்கினார்கள். அவர்கள் முன்கூட்டியே எண்ணெய் வாங்கி வைத்திருந்தார்கள், வேறுபாடு அவ்வளவுதான். கண்கொட்டாமல் பதறிக்கொண்டிருப்பது அந்த உவமை கேட்கும் ஆயத்தம் ஆகாது. எண்ணெய் வாங்கிவைத்தவன் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் அதைப் படிக்கலாம். வாவிக்கரைக்கு இது புதிதன்று. மாரி வெள்ளம் வாவியில் ஏறும்போது முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டி ஆற்றுவாய் திறப்பது இங்கே பழைய வழக்கம். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீனவருக்கும் ஆண்டுதோறும் வாக்குவாதம் வரும். மழை கடவுள் கொடுப்பது என்று எல்லோரும் சொல்வார்கள். மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

இனி எழுத மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு மத்திய வீதியில் உள்ள சீயோன் தேவாலயத்தில் காலையில் ஞாயிறு பாடசாலை நடந்தது. கிறிஸ்துவுக்காக மரிக்க யார் ஆயத்தம் என்று ஆசிரியை ஒருவர் கேட்டதாகவும், பிள்ளைகள் எல்லோரும் கை உயர்த்தியதாகவும் அவரே பின்னர் சொன்னார். வகுப்பு முடிந்து ஆராதனைக்கு முன்னான இடைவேளையில் பிள்ளைகள் முற்றத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகுப் பையோடு வந்த அந்நியன் ஒருவன் உள்ளே போக முயன்றான். சபையார் ஒருவர் அவனை மறித்து, யார், பையில் என்ன என்று விசாரித்து, ஆள் நிறைந்த மண்டபத்துக்குள் விடாமல் வெளியே நிறுத்தினார். காலை ஒன்பது மணியளவில் முற்றத்தில் குண்டு வெடித்தது. 31 பேர் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் சிறுவர். மறித்த மனிதரும் இறந்தவர்களில் ஒருவர்.

உயர்ந்த அந்தச் சிறு கைகளின் செய்தி உலகமெங்கும் பரவியது. பல மொழிகளில் அது இரத்தசாட்சிகளின் கதையாகச் சொல்லப்பட்டது. அந்த ஆசிரியையின் வேதனைக்கு முன் நான் தலைகுனிகிறேன். அது உலகத்தின் எந்த ஞாயிறு பாடசாலையிலும் கேட்கப்படக்கூடிய கேள்வி. கேட்டவருக்கு அடுத்த மணி நேரம் தெரியாது. ஆனால் அந்தக் கதையைத் தூரத்திலிருந்து எடுத்துப் பேசுகிறவர்களிடம் எனக்கு வழக்கு உண்டு. ஏழு வயதுப் பிள்ளை கை உயர்த்துவது அன்பின் அடையாளம். அது எந்தக் குண்டுக்கும் கொடுத்த சம்மதமாகாது. பழைய சபைக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்பு இரத்தசாட்சியாக இறந்த வரலாற்றை எழுதியவர்கள், தாமாக முன்வந்து மரணத்தைத் தேடிப்போனவர்களைப் போற்ற மறுத்தார்கள். பொலிக்கார்ப்புவே முதலில் ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்கு ஒதுங்கிப் போனவர்தான். மரிக்க ஆயத்தமாயிருந்தவர் வாழவும் முயன்றார்.

என் பார்வையில் அன்று சீயோனில் ஆயத்தத்தின் உச்சம் வாசலில் நின்ற அந்த மனிதர். அவர் மரணத்தைத் தேடவில்லை. ஆராதனைக்கு வந்தவர், அந்நியனைக் கண்டார், கேள்வி கேட்டார், சந்தேகப்பட்டார், வழியை மறித்தார். ஒரு காவலாளி செய்ய வேண்டிய சாதாரண வேலை. உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானோர் அதனால் பிழைத்தார்கள்.

அந்தக் காவல் வேலையைச் சம்பளத்துக்குச் செய்ய வேண்டியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். இந்தியப் புலனாய்வுத்துறையிடமிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை கொழும்புக்கு வந்துவிட்டது. ஏப்ரல் 16இல், சீயோன் தேவாலயத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், காத்தான்குடிப் பக்கத்துப் பாலமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வெடித்தது. தாக்குதல்காரர்கள் நடத்திப் பார்த்த ஒத்திகை அது. ஆலயங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் கொழும்பு விருந்தகங்களிலும் மட்டக்களப்பிலும் சேர்த்து 260க்கும் அதிகமானோர் அன்று இறந்தார்கள்.

லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் ஓர் ஊழியனைப் பற்றிய பகுதி உண்டு. வீட்டாரைப் பராமரிக்கும் பொறுப்பு அவனுடையது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் நாம் பேசிவரும் இரண்டு சொற்களும் அங்கே ஒரே வசனத்தில் சந்திக்கின்றன. எஜமானின் சித்தம் தெரிந்திருந்தும் ஆயத்தம் செய்யாத ஊழியனுக்கு அடி அதிகம் என்கிறது அந்த இடம்; தெரியாமல் தவறியவனுக்குக் குறைவு. சித்தத்தை அறிவது ஆறுதல் தரும் காரியம் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். லூக்கா அதைப் பொறுப்பாக்குகிறார். அறிந்தவனிடம் கணக்குக் கேட்கிறார். அதுவும் குடும்பத்துப் பசியாற்றவும் காக்கவும் அமர்த்தப்பட்டவனிடம்.

2023 ஜனவரி 12 அன்று இலங்கை உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம் கிட்டத்தட்ட இதே முறையில்தான் கணக்குக் கேட்டது. எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாயும், அன்றைய பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவர் நிலந்த ஜயவர்தனவும் தலா 75 மில்லியனும், பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 50 மில்லியனும் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடாகக் கொடுக்க வேண்டும் என்றது. நீதிமன்றம் வேதாகமம் படித்துத் தீர்ப்பு எழுதவில்லை. எனினும் அந்தத் தீர்ப்பை ஒரு கிறிஸ்தவன் லூக்காவின் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். தேவசித்தம் என்ற சொல்லை இந்த மரணங்கள்மேல் அவசரமாகப் போர்த்துகிறவர்கள், தாங்கள் அறியாமலே அந்த நான்கு பெயர்களையும் அவர்களுக்குப் பின்னால் இருப்பவர்களையும் சேர்த்துப் போர்த்திவிடுகிறார்கள்.

சீயோனின் தலைமைப் போதகர் ரொஷான் மகேசன் தாக்குதலுக்குப் பிறகு சபையின் சார்பில் பேசியபோது, தாங்கள் காயப்பட்டிருப்பதையும் கோபமாயிருப்பதையும் மறைக்காமல் சொன்னார். அதே மூச்சில், குண்டுவைத்தவனையும் அவனை அனுப்பியவர்களையும் மன்னிக்கிறோம் என்றார். இரண்டையும் சேர்த்துச் சொன்னதால்தான் அந்த மன்னிப்புக்கு எடை இருந்தது. மன்னிக்க வேண்டுமென்றால் மன்னிக்கப்பட வேண்டிய குற்றம் ஒன்று இருக்க வேண்டும்; குற்றம் என்றால் செய்தவன் இருக்க வேண்டும். எல்லாம் கடவுள் செய்தது என்றால் யாரை மன்னிப்பது? மட்டக்களப்பு மக்கள் மன்னிப்பையும் நீதியையும் ஒன்றுக்கொன்று பகையாக நினைக்கவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 21இல் மெழுகுதிரி ஏற்றுகிற அதே கைகள், யார் செய்வித்தது என்று கேட்கும் பதாகையையும் பிடிக்கின்றன.

யோபுவின் நண்பர்கள் மூவரும் தொடக்கத்தில் மிக நல்ல மனிதர்கள். பிள்ளைகளை இழந்தவனோடு ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். வாய் திறந்த பிறகுதான் கெட்டது. அவர்கள் சொன்னது எல்லாம் பக்தியான பேச்சு. கடவுளின் நீதியை விளக்கிய பேச்சு. கடைசியில் கடவுள் அந்த விளக்கக்காரர்கள்மேல் கோபப்பட்டு, கேள்வி கேட்டுக் கதறிய யோபுவே சரியாய்ப் பேசினான் என்றார். மட்டக்களப்பில் செத்தவீட்டுக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து வருகிற பழைய வழக்கம் இன்னும் சாகவில்லை. எல்லாச் சமயத்தாரிடமும் இருக்கிறது. அதைப் போதகர்களும் குருக்களும் தங்கள் இறையியல் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தேவசித்தம் என்ற சொல்லை உங்கள் வாயால் அங்கே சொல்லாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்றைக்காவது ஒருநாள் தானாக அதைச் சொன்னால், பக்கத்தில் இருந்து கேளுங்கள். அவர் சொல்லாமலே போனாலும் பக்கத்தில் இருங்கள்.